ரப்பர்த் தட்டும் வெண்கல நாதமும்

மேல்நாட்டு டிரம் வாத்தியத்தில் தோலை அடிப்பது ஒரு வித்தை; சிம்பலை அடிப்பது முற்றிலும் வேறொரு வித்தை. தோலின் மேல் விழும் அடி, விழுந்த கணத்திலேயே ஏறக்குறையத் தன் ஆயுளை முடித்துக்கொண்டுவிடுகிறது. நூற்றுக்கு 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் சேர்ந்த உயர்ரக வெண்கலத் தட்டிலோ, அடி முடிந்த பிறகுதான் சப்தம் தன் யாத்திரையைத் தொடங்கி, விரிந்து, பல நொடிகள் காற்றில் நின்று, மெள்ள அடங்குகிறது. அதை எழுப்புவதைப் போலவே நிறுத்துவதும் வாசிப்பவரின் கலையைச் சேர்ந்தது. மின்சாரம் டிரம்மைச் சீக்கிரத்தில் வசப்படுத்திக்கொண்டு சிம்பலிடம் மட்டும் நெடுங்காலம் தடுமாறியதற்கும், இன்று ஒரு மின் டிரம் செட்டை வாங்கி வீட்டில் பூட்டுகிறவர் தோலுக்குப் பதிலாக அடிவாங்கும் பேடுகளைச் சீக்கிரம் முடித்துவிட்டுச் சிம்பல்களோடு மாலை முழுவதும் மல்லுக்கட்டுவதற்கும் காரணம் ஒன்றே என்பது என் அபிப்பிராயம்.

1981-இல் இங்கிலாந்தின் சிம்மன்ஸ் கம்பெனியார் அறுகோணப் பேடுகளுடன் எஸ்.டி.எஸ்.-5 என்னும் மின் டிரம்மை வெளியிட்டபோது, அதை ஆசையோடு மேடையேற்றிய கலைஞர்களில் பலர், பேடுகளுக்கு மேலே பழைய வெண்கலச் சிம்பல்களையே தொங்கவிட்டு வாசித்தார்கள். 1997-இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் வலைத்தோல் போர்த்திய பேடுகளோடு டி.டி.-10 என்ற மாட்யூலை, அதாவது ஒலியைப் பிறப்பிக்கும் பெட்டியை, கொண்டுவந்து டிரம் உலகத்தையே திரும்பிப் பார்க்கச் செய்தது. அந்த முதல் அமைப்பிலும் சிம்பலின் ஸ்தானத்தை வகித்தவை சாதாரண ரப்பர் பேடுகள்தாம். அடித்தால் ஊசலாடும், சிம்பலின் உருவமே கொண்ட தட்டுகள் அதற்கும் பின்னால் வந்தவை.

இந்தத் தட்டுக்குச் சொந்தச் சப்தம் கிடையாது. பிளாஸ்டிக் வட்டத்தின் மேல் ரப்பர் போர்த்தியிருக்கும்; குச்சி பட்டால் ‘டொக்’ என்று கேட்கும், அவ்வளவுதான். உள்ளே ஒட்டியிருக்கும் பீசோ வில்லைதான் இதன் உயிர். அழுத்தம் பட்டால் மின்சாரம் பிறப்பிக்கும் குணம் சில படிகங்களுக்கு உண்டு என்பதை 1880-இல் பியேர் கியூரியும் அவருடைய தமையனார் ஜாக் கியூரியும் கண்டறிந்தார்கள். அந்த விசேஷ குணமே இங்கே அடியின் அதிர்வை மின்துடிப்பாக்கிக் கம்பி வழியே அனுப்புகிறது. மாட்யூல் அந்தத் துடிப்பின் உச்சத்தைச் சில மில்லிநொடிகளுக்குள் அளந்து, அதற்குத் தக்க வெண்கல நாதத்தைத் தன் நினைவிலிருந்து எடுத்து ஒலிபரப்புகிறது. ஆகவே நாம் சிம்பலைப் பொருத்துகிறோம் என்று சொல்வதைவிட, கை என்ன நினைத்து அடித்தது என்பதை ஒரு பெட்டிக்குப் பழக்கிவைக்கிறோம் என்று சொல்வதே பொருந்தும்.

முதலில் கவனிக்கவேண்டியது கேபிள். பெரும்பாலான சிம்பல்களில் வில்லை மட்டுமன்றி, விளிம்பின் ரப்பருக்கு அடியில் மெல்லிய சுவிட்சு ஒன்றும் சுற்றிவருகிறது. அடியோடு சேர்ந்து அந்தச் சுவிட்சும் ஒரு கணம் மூடினால் விளிம்பில் அடித்ததாகவும், அடி ஓய்ந்த பின் விரல்கள் விளிம்பைக் கவ்விப் பிடித்ததால் அது மூடியே இருந்தால் நாதத்தை நிறுத்தச் சொல்வதாகவும் மாட்யூல் அர்த்தம் செய்துகொள்ளும். இவ்விரண்டு சேதிகளும் ஒரே கேபிளில் போகவேண்டுமாகையால் அது ஸ்டீரியோ கேபிளாக இருப்பது அவசியம். கிட்டாருக்குப் பயன்படும் மோனோ கேபிள் அதே துளையில் நன்றாகப் பொருந்தும். விளிம்பும் பிடியும் மட்டும் வேலை செய்யமாட்டா. சிம்பல் கெட்டுவிட்டதென்று கடைக்குத் தூக்கிச் செல்லுமுன் கேபிளின் நுனியில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுவது நல்லது.

ஸ்டாண்டில் மாட்டும்போது, அடியைச் சரியாக உணரும் பக்கம் வாசிப்பவரை நோக்கி இருக்கவேண்டும். வெண்கலத் தட்டு இஷ்டம்போல் சுழலலாம்; கேபிள் பூண்ட தட்டு சுழன்றால் உணரும் பக்கம் அகன்றுபோவதோடு கேபிளும் முறுக்கிக்கொள்ளும். அதற்காகவே தரப்படும் தடுப்பானை அலட்சியமாகப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறவர்கள் அநேகர்.

ரைடு சிம்பலில் குமிழ், நடுப்பரப்பு, விளிம்பு என்று மூன்று இடங்கள் மூன்று விதமாகப் பேசவேண்டும். இதற்கு ரோலண்ட் கையாண்ட வழி இரண்டு கேபிள். யமஹா தன் மூவிடச் சிம்பல்களுக்கு ஒரே கேபிளில் காரியத்தை முடித்துக்கொண்டது. ஒருவர் தட்டை மற்றவர் பெட்டியில் செருகினால் நடுப்பரப்பு எப்படியாவது ஒலித்துவிடும்; குமிழ் பெரும்பாலும் ஊமையாகிவிடும். ஒரே கம்பெனியின் தட்டானாலும், அது எந்த ரகம் என்பதை மாட்யூலின் பட்டியலில் தேர்ந்தெடுத்துவிட வேண்டும்.

இனி, காலால் மிதித்துச் சேர்க்கும் சிம்பல் ஜோடியான ஹை-ஹாட்டுக்கு வருவோம். உண்மையான சிரமம் இங்கேதான். நாகஸ்வரக் கச்சேரியில் ஜாலரா போடுகிறவர், தட்டுகளை விட்டடித்தால் நீண்ட ஓசையும் சேர்த்து அமுக்கினால் அடங்கிய ஓசையும் பெறுவதுபோல, ஹை-ஹாட்டில் அந்த விடுதலும் அமுக்கலும் காலின் பொறுப்பு. திறந்தது, மூடியது என்ற இரண்டு நிலைகளோடு நிற்பதாயிருந்தால் பொறியாளர்களுக்குக் கவலையில்லை. இரண்டுக்கும் இடையில், தட்டுகள் உரசியும் உரசாமலும் இருக்கும் அந்த அரைகுறை நிலைகளில்தான் வாத்தியத்தின் ருசி முழுவதும் தங்கியிருக்கிறது. மிடி என்னும் 1983-ஆம் ஆண்டின் பொது ஒப்பந்தம் அடியின் வேகத்தை 1 முதல் 127 வரையிலும், மிதியின் நிலையை 0 முதல் 127 வரையிலும் எண்களாகச் சொல்ல வழிவகுத்திருக்கிறது. எந்த எண்ணில் தட்டுகள் தொடுகின்றன என்பதைச் சொல்லிக்கொடுப்பதே நம் வேலை.

ரோலண்டின் வி.ஹெச்.-11 போன்ற ஹை-ஹாட்டுகள் அசல் வெண்கலத்துக்கான ஸ்டாண்டிலேயே ஏறுகின்றன: மேலே தட்டு, கீழே அதன் அசைவை அளக்கும் உணரி. மேல்தட்டைப் பிடித்துவைக்கும் கிளட்சின் திருகைத் தளர்த்தி, மேல்தட்டைத் தன் கனத்திலேயே உணரியின் மேல் படியவிட்டு, காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டு, மாட்யூலின் திரையைப் பார்த்துக்கொண்டு மூடிய நிலையைப் பதியவைக்கவேண்டும். அதன் பிறகே தட்டைச் சிறிது உயர்த்திக் கிளட்சை இறுக்குவது. இந்த வரிசையை மாற்றிச் செய்தாலும், ஸ்டாண்டு சற்றே சாய்ந்திருந்தாலும், முழுதும் மூடிய ஹை-ஹாட் பாதி திறந்ததுபோல் இரைந்துகொண்டே இருக்கும். பழி சப்தத்தின் மேல் விழும், குற்றம் அளவையில் இருக்கும்.

மிச்சமெல்லாம் எண்களின் விவகாரம். காலால் பாஸ் டிரம்மை அடிக்கும்போது அதே சட்டத்தில் பூட்டிய கிராஷ் சிம்பல் தானாக ஒலித்தால், அது சட்டத்தின் வழியே ஏறிவந்த அதிர்வு. உடனே துவக்க எல்லையை, அதாவது எவ்வளவு மெல்லிய அடிவரை மாட்யூல் காதில் வாங்கவேண்டும் என்ற அளவை, உயர்த்திவிடத்தான் கை போகும். அப்படி உயர்த்தினால் பேய் அடிகள் ஒழிவதோடு, குச்சி நுனியால் மெல்லத் தொடங்கி வளர்க்கும் உருட்டின் முதற்பகுதியும் ஒழிந்துபோகும். அதைவிட, ஒரு பேடின் அதிர்வை இன்னொன்று பொருட்படுத்தாதபடி செய்யும் குறுக்கொலித் தடுப்பைப் படிப்படியாக ஏற்றிப் பார்ப்பது உத்தமம்; அதனினும் உத்தமம், கிராஷைச் சட்டத்திலிருந்து பிரித்துத் தனி ஸ்டாண்டில் வைப்பது.

ஓர் அடி இரண்டாகக் கேட்டால் மறைப்பு நேரத்தைக் கூட்டச் சொல்வார்கள். ஓர் அடிக்குப் பின் எத்தனை மில்லிநொடி மாட்யூல் செவியை மூடிக்கொள்ளவேண்டும் என்பதே அது. நொடிக்கு இருபது அடி விழும் உருட்டில் அடிக்கும் அடிக்கும் நடுவே உள்ளது 50 மில்லிநொடி. ரோலண்ட் மாட்யூல்கள் பலவற்றில் இந்த எண் 64 வரை ஏறும். அங்கே கொண்டுபோய் நிறுத்தியவர் உருட்டில் பாதியைக் காணோமென்று வியந்து பயனில்லை.

2016-இல் டி.டி.-50 மாட்யூலோடு வந்த ரோலண்டின் 18 அங்குல டிஜிட்டல் ரைடு இந்தத் தொல்லைகளில் சிலவற்றைத் தீர்த்திருக்கிறது. அடி எந்த இடத்தில் விழுந்தது என்பதைப் பல உணரிகள் சேர்ந்து அறிவதோடு, தட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாலே நாதம் அடங்குகிறது. விளிம்பைக் கவ்வவேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. ஸில்ஜியன் கம்பெனியார் வேறு திசையில் போய், துளைகள் நிறைந்த உண்மையான உலோகத் தட்டுக்கே மைக்ரோபோன் பொருத்திப் பார்த்தார்கள். அது கேட்பதற்கு இனிமையானது, ஆனால் நள்ளிரவில் அடுத்த வீட்டாருக்கும் கேட்கும். டிஜிட்டல் ரைடோ யு.எஸ்.பி. கேபிளில் ஓடுவது; அதை ஏற்கும் துளை இல்லாத பழைய மாட்யூலில் அதை நேராக இணைக்க இயலாது. ஆகையால் அதன் விலையை விசாரிக்குமுன், வீட்டிலிருக்கும் மாட்யூலைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்துவிட வேண்டும்.