ஒத்திகைத் தளத்துக்கு ஒரு பெயர்

நாடகம் நடத்துவோர் அரங்கேற்றத்துக்கு முன் பல நாள் ஒத்திகை பார்க்கின்றனர். ஒத்திகையில் பாடம் தவறினால் நகைப்பார் இல்லை, திருத்திக் கொள்ளலாம். வலைத்தளம் அமைப்போரும் அவ்வாறே தளத்தை முதலில் தம் கணினிக்குள் இயக்கிப் பார்த்து, குறை களைந்து, பின்னரே உலகின் முன் வைக்கின்றனர். அந்த ஒத்திகைத் தளத்துக்குப் பெயரிடும் முறையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். இது மிகச் சிறிய செய்தி என்று நேயர்களுக்குத் தோன்றலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

கணினிகள் ஒன்றையொன்று எண்ணால் அறிகின்றன. மனிதராகிய நாமோ பெயரால் அறிகிறோம். ஆகவே பெயரை எண்ணாக மாற்றித் தர ஓர் ஏற்பாடு வேண்டும். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில், எல்லாக் கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் எலிசபெத் ஃபெய்ன்லர் என்னும் அம்மையாரின் குழுவினர் அதனைப் பேணி வந்தனர். கணினிகள் பெருகவே, ஒரு கோப்பு போதாதாயிற்று. 1983-இல் பால் மொகாபெட்ரிஸ் என்பார், பெயர்ப் பொறுப்பைப் பலரிடம் பகிர்ந்தளிக்கும் டி.என்.எஸ். முறையை வகுத்தார்.

எனினும் பழைய கோப்பு மறைந்துவிடவில்லை. 'ஹோஸ்ட்ஸ்' என்னும் பெயருடன் அது இன்றும் நம் கணினிகளில் குடியிருக்கிறது. லினக்ஸில் 'இடிசி' என்னும் அடைவில் அதனைக் காணலாம். விண்டோஸில் சிஸ்டம்32 அடைவினுள் டிரைவர்ஸ், அதனுள் இடிசி எனச் சென்றால் கிட்டும். நிர்வாகி உரிமை உடையவரே அதனைத் திருத்த முடியும். ஒரு பெயருக்குரிய எண்ணை வெளியுலகில் தேடுமுன், கணினி வழக்கமாக இக்கோப்பையே முதலில் பார்க்கும். இங்கே 127.0.0.1 என்ற எண்ணையும், ஓர் இடைவெளி விட்டு நாம் விரும்பும் பெயரையும் ஒரு வரியில் எழுதினால் போதும். அந்த எண் ஒவ்வொரு கணினியும் தன்னையே குறிக்கும் எண். தனக்குத் தானே எழுதிய கடிதம் வாசலைத் தாண்டாதது போல, அப்பெயருக்குச் செல்லும் வேண்டுகோளும் வெளியே செல்லாது.

இனி, வந்த வேண்டுகோளை ஏற்க வேண்டியது அப்பாச்சி போன்ற சர்வர். ஒரே எண்ணில் பல தளங்கள் வாழலாம். உலாவி தான் தேடி வந்த பெயரை வேண்டுகோளிலேயே சொல்லிவிடுவதால் குழப்பம் நேர்வதில்லை. எனவே, தளத்தின் பெயர் இன்னது, அதன் கோப்புகள் உள்ள அடைவு இன்னது என்று சர்வரின் அமைப்புக் கோப்பில் தளத்துக்கு ஒரு பகுதியாக எழுதிவைத்து, சர்வரை மீண்டும் தொடங்க வேண்டும். முறை இவ்வளவே.

ஆனால் எந்தப் பெயரை வைப்பது? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புத்தகக் கடையின் தளத்தைச் செப்பனிடும் பணி என்னிடம் வந்தது. என் கணினியிலிருந்த படிக்கும் கடையின் உண்மைப் பெயரையே சூட்டினேன்; பிறகு மாற்ற வேண்டியிராதே என்பது என் எண்ணம். ஒரு மாலை, உண்மைத் தளத்தைப் பார்ப்பதற்காக ஹோஸ்ட்ஸ் கோப்பில் அவ்வரியை நீக்கினேன். மீண்டும் சேர்க்க மறந்தேன். மறுநாள், சோதனைக்காக நானே இட்ட போலி ஆர்டர்கள் என்று கருதி அனைத்தையும் அழித்தேன். அவை மெய்யான வாசகர்களின் ஆர்டர்கள்! பெயரும் ஒன்று, தோற்றமும் ஒன்று. கடவுச்சொல்லும் ஒன்றாகவே இருந்தது. முந்தைய இரவின் நகல் இருந்தமையால் பெரும்பாலானவை மீண்டன. அன்று காலை வந்த ஏழு மீளவில்லை. கடைக்காரர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொன்னாரில்லை. வாடிக்கையாளரைத் தொலைபேசியில் ஒவ்வொருவராக அழைத்து, "தாங்கள் கேட்ட நூல் எது?" என்று வினவினார். அருகில் அமர்ந்து நான் எழுதிக்கொண்டேன்.

ஆகவே ஒத்திகைக்குத் தனிப்பெயர் வேண்டும். அதுவும் வெளியுலகில் எவருக்கும் உரியதாக முடியாத பெயராக இருத்தல் நலம். முன்பு பலர் 'டெவ்' என்று முடியும் பெயர்களை வைத்துக்கொண்டனர். அந்த ஈற்றுப்பெயர் 2014-இல் கூகுள் நிறுவனத்தின் பொறுப்பில் உலகப் பெயர் வரிசையில் சேர்ந்தது. 2017 டிசம்பரில் வந்த குரோம் உலாவி, 'டெவ்' என முடியும் தளங்கள் யாவும் மறையாக்கப்பட்ட இணைப்பிலேயே திறக்க வேண்டும் என வற்புறுத்தவே, பலருடைய ஒத்திகைத் தளங்கள் ஒரே நாளில் திறவாமற் போயின. இத்தகைய இடர் நேராதிருக்க, 1999-இலேயே இணைய விதி வகுப்போர் 'டெஸ்ட்', 'எக்ஸாம்பிள்', 'இன்வாலிட்', 'லோக்கல்ஹோஸ்ட்' என்னும் நான்கு ஈறுகளை எவருக்கும் வழங்காமல் ஒதுக்கி வைத்திருந்தனர். இவற்றுள் சோதனைக்கென்றே அமைந்தது 'டெஸ்ட்'.

இப்போது என் ஒத்திகைத் தளங்கள் யாவும் அந்தச் சொல்லிலேயே முடிகின்றன. உலாவியின் முகவரிக் கட்டத்தில் அதனைக் கண்ட பிறகே எதையும் அழிக்கத் துணிகிறேன்.