மூச்சை அடக்கலாம், அபாய மணியை அடக்கலாமா?

ஐம்பத்தைந்து வயதில் கடலில் மூழ்கப் பழகினேன் என்று சொன்னபோது கடைத்தெருவில் சிரிக்காதவர் குறைவு. “ஹாஜியாருக்கு யாவாரம் படுத்திட்டுதோ?” என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் நிலாவெளிக் கடலில் மூன்று நாட்களில் படித்த பாடத்தை முப்பது வருடம் கடை நடத்தியும் நான் படிக்கவில்லை. அதை வியாபார அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

சிலிண்டர் இல்லாமல் ஒரே மூச்சில் கீழே போய் மேலே வருவதுதான் ஃப்ரீடைவிங். பெயர்தான் புதிது. மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்கள் செய்ததும் இதைத்தான். குளிப்பவர் கல்லில் காலை வைத்து இறங்குவார். தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார்.

மருமகன் விடாமல் இழுத்ததால் சென்ற ஜூலையில் நானும் போனேன். டொக்டரிடம் இருதயத்தையும் பிரஷரையும் காட்டிய பிறகுதான் பயிற்றுநர் சேர்த்துக்கொண்டார். மிதவையிலிருந்து கடலுக்குள் ஒரு கயிறு தொங்கும். அதைப் பிடித்தபடி தலைகீழாக இறங்க வேண்டும். 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இரு மடங்காகிறது; நெஞ்சிலுள்ள காற்று பாதியாகச் சுருங்குகிறது. காது அடைக்கும். மூக்கைப் பொத்திக் காதுக்குக் காற்றுக் கொடுக்க வேண்டும். வலித்தால் திரும்பிவிட வேண்டும்.

மூச்சை அடக்கினால் சற்று நேரத்தில் நெஞ்சு துடிக்கிறதே, அது ஏன்? ஒட்சிசன் தீர்ந்துவிட்டதால் என்றே நான் நினைத்திருந்தேன். அப்படியல்ல. உடலில் காபனீரொட்சைட்டு கூடுவதால்தான் அந்தத் துடிப்பு வருகிறது. அதுதான் அபாய மணி.

வேகவேகமாக இருபது தடவை மூச்சு வாங்கிவிட்டு இறங்கினால் காபனீரொட்சைட்டு குறைந்துவிடும். ஒட்சிசனோ பெரிதாகக் கூடுவதில்லை. மணி பிந்தி அடிக்கும். கையிருப்பு வழமைபோலத் தீரும். மேலே வரும்போது அமுக்கம் குறைய, இரத்தத்துக்குக் கிடைக்கும் ஒட்சிசனும் சட்டென விழும். அதனால்தான் பலர் ஆழத்தில் அல்ல, மேற்பரப்புக்குக் கிட்ட வந்தே மயங்குகின்றனர். பக்கத்தில் ஆளில்லாவிட்டால் மரணம்தான்.

இரண்டாம் நாள் 10 மீற்றரைத் தொட்டுவிடும் ஆசையில் நானும் களவாக வேகமூச்சு வாங்கினேன். பயிற்றுநர் கண்டுவிட்டார். “ஹாஜி, மணியைக் கழட்டி வச்சா நெருப்பு அணையுமா?” என்று கேட்டார். எனக்கு 2022ஆம் ஆண்டு ஞாபகம் வந்தது.

அதற்கு முந்திய வருடம் முழுவதும் ஒரு செக்கைக் கொடுத்து இன்னொரு செக்கை மீட்டுக் கொண்டிருந்தேன். கணக்கில் எப்போதும் காசு இருந்தது, நெஞ்சு துடிக்கவில்லை. 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்க விடப்பட்டது. சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. சரக்குக்காரர்கள் கைக்காசு கேட்டார்கள். ஒரே கிழமையில் ஐந்து செக்குகள் திரும்பின. மனைவியின் நகை போயிற்று, வாப்பா தந்த காணித்துண்டும் போயிற்று. அதுவரை வீட்டில் எவருக்கும் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கயிற்றுக்காரர் இல்லாமல் இறங்கிய ஆள் நான்.

கடலில் சொல்லித்தந்த விதிகள் இவை:

1. தனியே இறங்கக் கூடாது. ஒருவர் கீழே, ஒருவர் மேலே. வந்தவரை அரை நிமிடமாவது கவனிக்க வேண்டும்.

2. நீருக்குள் இருந்த நேரத்தின் இரு மடங்காவது மேலே ஓய்வெடுக்க வேண்டும்.

3. மூச்சு மிச்சமிருக்கும்போதே திரும்ப வேண்டும்.

மூன்றாம் நாள் புறாத்தீவுப் பக்கம் முருகைக்கற்களுக்கு மேல் ஓர் ஆமையைக் கண்டேன். தொடவுமில்லை, துரத்தவுமில்லை, அவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. ஆமையும் நம்மைப்போல நுரையீரலால் மூச்சு விடும் பிராணிதான். மேய்ந்துகொண்டிருந்தது, அவசரமில்லாமல் மேலே போய் மூச்செடுத்தது, திரும்ப இறங்கி வந்தது. நான் அன்று 8 மீற்றரோடு திரும்பினேன். வெட்கமாக இருக்கவில்லை.

அன்பர்களே, இந்த மாதம் முடியுமுன் கொடுத்த செக்குகளை ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளை மனைவியிடமோ மகனிடமோ பங்காளியிடமோ காட்டுங்கள். கயிற்றைப் பிடிக்க ஒரு கை இருக்கட்டும்.