கல் கணக்கும் கடல் கணக்கும்

பாளையங்கோட்டையில் எந்த மொட்டைமாடியில் ஏறி நின்றாலும் கடல் தெரியாது. கிழக்கே ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் போனால்தான் தூத்துக்குடி. ஆனாலும் ஒரு காலத்தில் இந்த ஊரை ஒட்டிய கொக்கிரகுளத்தில், தாமிரபரணிக் கரையில் இருக்கும் கலெக்டர் ஆபீசின் ஆளுகையில் நஞ்சை, புஞ்சையோடு கடலடி நிலமும் இருந்தது. 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமாகும்வரை, மன்னார் வளைகுடாவில் அந்தக் கரைக்கு எதிரே கிடக்கும் முத்துப் பார்கள் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவை.

நஞ்சைக்குத் தீர்வை போடுவது எளிது. வரப்பில் நின்று பார்த்தாலே விளைச்சல் தெரிந்துவிடும். பத்து பாகம் ஆழத்தில் கிடக்கும் நிலத்தில் என்ன விளைந்திருக்கிறது, அதில் யாருக்கு எவ்வளவு என்பதை எப்படித் தீர்மானிப்பது? நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரரும் நாயக்கரும் சேதுபதியும் நவாபும் ஆங்கிலேயரும் இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டினார்கள். பங்கு பிரிப்பதில் அவர்கள் காட்டிய நுணுக்கம் வியக்கவைக்கும். ஆனால் எதைப் பிரிக்கிறோம் என்பது அவர்களில் ஒருவருக்கும் முழுதாகத் தெரிந்திருக்கவில்லை.

கல் என்றால் உரிமை

கடலடி மணலுக்கு நடுவே பாறைத்திட்டாகக் கிடக்கும் இடத்தைக் கரையில் 'பார்' என்பார்கள். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொள்ளாயிரம் பார் அவற்றில் பேர்பெற்றது. முத்துச்சிப்பி தன் உடலிலிருந்து சுரக்கும் நார்களால் பாறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாழ்கிறது. அதனால் வெறும் மணல் அதற்கு ஆகாது, பார்தான் வேண்டும்.

முத்துக்குளிப்பவர் கயிற்றில் கட்டிய கனமான கல்லில் காலை ஊன்றி, அதன் எடையில் நேராக அடிக்கு இறங்குவார். ஒரு நிமிட அளவுக்குள் கைக்கு எட்டிய சிப்பிகளைக் கூடையில் அள்ளிப் போட்டுக் கயிற்றை அசைப்பார். மேலே தோணியில் இருப்பவர் இழுத்துவிடுவார். இந்தக் கல்தான் சலாபத்தின், அதாவது முத்துக்குளிப்பின், அளவுகோல். 'இத்தனை கல்' என்றால் இத்தனை பேரை இறக்கும் உரிமை என்று பொருள். நிலத்தில் ஏக்கர் எப்படியோ கடலில் கல் அப்படி.

கடலுக்கு உரிமை கோரிய ஒவ்வோர் அரசும் கல்லால்தான் பேசியது. மதுரை நாயக்கருக்கும் இராமநாதபுரம் சேதுபதிக்கும் பரதவரின் ஜாதித் தலைவருக்கும் வரியில்லாத கற்கள் இருந்தன. மற்றவர்கள் இறக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் வரி. குளிப்பவரின் மதத்தைப் பொறுத்தும் அந்த வரி கூடியது, குறைந்தது. 1530-களில் பரதவர் கிறிஸ்தவத்தைத் தழுவியதற்குப் பின்னால் ஆன்மிகத்தோடு இந்தப் பார்களின் பாதுகாப்பும் இருந்தது. 1658-ல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கைப்பற்றியபோது, ஒரு துறைமுகத்தோடு இந்தக் கல் கணக்கு முழுவதையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். அடுத்த நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபும் அவர்களும் இதே பங்குக்காக ஓயாமல் வாதாடினார்கள்.

இதற்கு முன்பும் பங்கு இருந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசனுக்குப் பத்தில் ஒன்று, சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரருக்கு இருபதில் ஒன்று என்று எழுதிவைத்தார். அந்தக் 'கடல்கட்டி'யை ஆங்கிலேய அரசும் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது. அவர் கரையில் இல்லாவிட்டால் குளிப்பவர்கள் கடலில் இறங்கமாட்டார்கள்.

1801-ல் கர்நாடகப் பகுதி கும்பெனியின் நேரடி ஆட்சிக்கு வந்தது. தூத்துக்குடி மட்டும் ஆங்கிலேயரிடமும் டச்சுக்காரரிடமும் கைமாறிக்கொண்டே இருந்து, 1824-ல் லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கைக்குப் பிறகு, 1825-ல் நிரந்தரமாக ஆங்கிலேயரிடம் வந்தது. போட்டிக்கு வேறு அரசு இல்லை. பங்கு கேட்டுத் தூதர்கள் வரப்போவதும் இல்லை. இனி அள்ளவேண்டியதுதான் பாக்கி.

ஆனால் அள்ளுவதற்குச் சிப்பி இல்லை. 1830-க்குப் பிறகு தூத்துக்குடிப் பார்களில் அடுத்த சலாபம் நடந்தது 1860-ல். முப்பது ஆண்டு, ஒரு தலைமுறை, கடல் கையை விரித்துவிட்டது.

குத்தகைக்குப் போன கடல்

எதிர்க்கரையில் இன்னும் பெரிய பாடம் காத்திருந்தது. மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் 1905-ல் நடந்த சலாபத்தில் சுமார் 8 கோடி சிப்பிகள் கரையேறின. குவியலை மூன்றாகப் பிரித்து இரண்டை அரசு எடுத்துக்கொண்டது, மூன்றில் ஒன்று குளித்தவர்களுக்கு. தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் போன தோணிகள் அங்கே ஏராளம். இலங்கை அரசுக்கு வரவு 25 லட்சம் ரூபாய்.

அந்தக் களிப்பு அடங்குவதற்குள், 1906-ல், லண்டன் முதலாளிகளின் 'சிலோன் கம்பெனி ஆஃப் பேர்ல் ஃபிஷர்ஸ்' நிறுவனத்துக்குப் பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. ஆண்டுக்கு 3,10,000 ரூபாய். 1906-லும் 1907-லும் சலாபம் நடந்தது. அதன்பிறகு அறுவடைக்குச் சிப்பி இல்லை. குத்தகைப் பணத்துக்கு மட்டும் ஆண்டு தவறாமல் தவணை வந்தது. சில ஆண்டுகளில் கம்பெனி கலைந்துபோனது.

குத்தகைப் பத்திரம் எழுதியவர்களுக்கு அறிவியலாளர்களின் துணை இல்லாமல் இல்லை. 1902-ல் லிவர்பூலிலிருந்து வந்த பேராசிரியர் ஹெர்ட்மன், பார்களை ஆராய்ந்து ஐந்து தொகுதிகளாக அறிக்கை தந்தார். அவருக்கு உதவியாக வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பின்னர் சென்னை அரசின் பணியில் சேர்ந்து, தூத்துக்குடியின் முத்தையும் சங்கையும் பற்றி இன்றும் தவிர்க்கமுடியாத நூல்களை எழுதினார். அவர்கள் கண்டது இதுதான்: பாரில் இன்று கோடிக்கணக்கில் கிடக்கும் குஞ்சுச் சிப்பி அடுத்த ஆண்டு அங்கே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

மூன்று வாரப் பிள்ளைப்பருவம்

ஏன் இல்லை? சிப்பியின் வாழ்க்கையை முதலிலிருந்து பார்க்கவேண்டும்.

ஆண் சிப்பியும் பெண் சிப்பியும் விந்தையும் முட்டையையும் தண்ணீரிலேயே விடுகின்றன. கருவுற்ற முட்டை ஒரு நாளைக்குள் மயிரிழைகளை அசைத்து நீந்தும் இளவுயிரி ஆகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு. சுமார் மூன்று வாரம் அது நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் போகும். பிறகு ஒரு சின்னஞ்சிறு காலை நீட்டித் தரையைத் தடவிப் பார்க்கும். பார் அகப்பட்டால் நார் சுரந்து ஒட்டிக்கொள்ளும். மணல் அகப்பட்டால் அதோடு சரி.

மன்னார் வளைகுடாவின் நீரோட்டம் பருவக்காற்றோடு திசை மாறுவது. ஆகவே தொள்ளாயிரம் பாரில் கிடக்கும் சிப்பி அங்கேயே பிறந்ததாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. அங்கே பிறந்தது அங்கேயே தங்கவேண்டியதும் இல்லை. தாய்வீடு ஒன்று, புகுந்தவீடு வேறு.

ஒட்டிக்கொண்ட பிறகும் ஆபத்து ஓய்வதில்லை. திருக்கையும் கிளாத்தியும் ஓட்டை நொறுக்கித் தின்னும். நட்சத்திர மீன் பிளந்து தின்னும். பருவக்காற்று புரட்டும் மணல் ஒரு பாரையே மூடிவிடும். இவற்றோடு, ஓசையில்லாமல் வேலைபார்க்கும் எதிரி ஒன்றும் உண்டு. அது ஓட்டைத் துளைக்கும் கடற்பஞ்சு. ஹெர்ட்மன் திரட்டிய கடற்பஞ்சுகளை ஆராய்ந்த ஆர்தர் டெண்டி 1905-ல் அப்படி ஒன்றுக்கு 'கிளியோனா மார்கரிட்டிஃபெரே' என்று முத்துச்சிப்பியின் பெயரையே வைத்தார். சுண்ணாம்பு ஓட்டை வேதிப்பொருளால் அரித்து, நுண்ணிய சில்லுகளாகப் பெயர்த்து, உள்ளே சுரங்கம் சுரங்கமாகக் குடியேறும் உயிர் அது. முற்றிய சிப்பியின் ஓடு சல்லடையாகிவிடும். நன்றாக முத்து விளைய நாலைந்து வயது ஆகவேண்டும். அந்த வயதுக்குப் பிறகு சிப்பிக்கு அதிக ஆயுளும் கிடையாது. ஓராண்டு பொறுத்தால் லாபம் கூடலாம், ஓராண்டு தவறினால் எல்லாமே போகலாம்.

கடற்பஞ்சு கேட்ட அதே கேள்வி

இங்கே சிப்பிக்கு எதிரியான கடற்பஞ்சு, மத்தியதரைக் கடலில் தானே ஒரு செல்வம். கிரேக்கத் தீவுகளான கலிம்னோஸ், சிமி ஆகியவற்றின் ஆட்களும் கல்லைப் பிடித்துத்தான் கடலடிக்கு இறங்கினார்கள். 1860-களில் செம்புத் தலைக்கவச உடை வந்தபின் ஆழம் கூடியது. அழுத்த நோயால் முடங்கியவர்களும் செத்தவர்களும் பெருகினார்கள். அவர்கள் குளித்த பஞ்சுப் படுகைகளில் பல, துனீசியக் கரைக்கு எதிரே கிடந்தன. பிரெஞ்சுப் பாதுகாப்பாட்சி 1904-ல் கேப்ஸ் வளைகுடாவில் 50 மீட்டர் ஆழக் கோட்டைக் கணக்கில் வைத்துத் தன் கண்காணிப்பு எல்லையை வரைந்தது.

கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் கடல் யாருக்கும் சொந்தமில்லை என்பது அந்தக் காலத்து விதி. அப்படியானால் பஞ்சுப் படுகைக்கும் முத்துப் பாருக்கும் எப்படி உரிமை கொண்டாட முடியும்? இலங்கையில் 1811-லேயே, கரையிலிருந்து 6 முதல் 21 மைல் வரை விரிந்த பார்களின் அருகே சுற்றித் திரியும் தோணிகளைப் பறிமுதல் செய்யச் சட்டம் இருந்தது. 1893-ல் பெரிங் கடல் சீல்களுக்காக பிரிட்டனும் அமெரிக்காவும் நடுவர் மன்றத்தில் நின்றபோது, நம் வளைகுடாவின் முத்துப் பார்களும் வாதத்தில் வந்தன. 1920-களில் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகர் செசில் ஹர்ஸ்ட், 'கடலடி யாருக்குச் சொந்தம்?' என்ற கட்டுரையில் துனீசியாவின் பஞ்சையும் இலங்கையின் முத்தையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட்டார்.

இந்த வாதங்களில் திரண்ட கருத்துதான் 1958-ன் ஜெனீவா உடன்படிக்கையிலும், 1982-ன் ஐ.நா. கடல் சட்டத்திலும் விதியாயிற்று. பிடிப்பதற்கு ஏற்ற பருவத்தில் கடலடியில் அசையாமல் கிடக்கும் உயிரும், தரையைத் தொட்டபடி அல்லாமல் நகரமுடியாத உயிரும் அவை வாழும் கண்டத்திட்டுக்கு, அதாவது கரையிலிருந்து கடலுக்கடியில் நீளும் நிலத்துக்கு, உரிய நாட்டுக்கே சொந்தம். சிப்பி, சங்கு, கடற்பஞ்சு எல்லாம் இதற்குள் அடங்கும்.

'பிடிப்பதற்கு ஏற்ற பருவத்தில்' என்ற சொற்களைக் கவனியுங்கள். சட்டம் வளர்ந்த உயிரை மட்டும் பார்க்கிறது. மூன்று வாரம் அலைந்த அதன் பிள்ளைப்பருவம் சட்டத்தின் கண்ணில் படவில்லை. கடற்பஞ்சின் குஞ்சும் சில மணி நேரமோ சில நாளோ நீந்திவிட்டுத்தான் ஒட்டுகிறது. நாயக்கர் காலத்துக் கல் கணக்கில் விடுபட்டது எதுவோ, ஐ.நா. சட்டத்திலும் அதுவே விடுபட்டிருக்கிறது.

சங்கு சொல்லும் சாட்சி

ஒரே கடலில் விளையும் சங்கை ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். சங்கின் பிள்ளைப்பருவம் அலைந்து திரிவதல்ல. தாய்ச்சங்கு ஆட்டுக்கொம்பு போல முறுக்கிய முட்டைக்கூட்டை மணலில் நட்டுவைக்கிறது. குஞ்சுகள் ஓடு முளைத்தபின் அதிலிருந்து ஊர்ந்து வெளிவருகின்றன. பிறந்த மணலை விட்டு அதிக தூரம் போவதில்லை. அதனால்தான் சங்கு குளித்தல் ஆண்டு தவறாமல் நடந்தது. வங்காளத்து வளையல் பட்டறைகளுக்குத் தூத்துக்குடியிலிருந்து மூட்டை மூட்டையாகச் சங்கு போனது. குறித்த விட்டத்துக்குக் குறைந்த சங்கைத் திரும்பக் கடலிலேயே விடவேண்டும் என்ற விதியும் அங்கே பலன் தந்தது. விட்ட குஞ்சு அதே இடத்தில்தான் வளரும்.

சிப்பிக்கு அந்த விதி மட்டும் போதாது. தூத்துக்குடியில் 1955-ல் தொடங்கி நடந்த சலாபங்கள் 1961-ல் முடிந்தன. அதன்பிறகு பார்கள் சலாபம் காணவில்லை. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி 1973-ல் வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார். 1981-ல் தூத்துக்குடிப் பொரிப்பகத்தில் இளவுயிரிகளைத் தொட்டியிலேயே வளர்த்து ஒட்டவைத்தார்கள். நூற்றாண்டுகளாக யார் கண்ணுக்கும் படாத அந்த மூன்று வாரத்தை மனிதர்கள் முதன்முறையாக நம் கரையில் முழுதாக உடனிருந்து பார்த்தது அப்போதுதான்.

1976-ல் இந்தியாவும் இலங்கையும் மன்னார் வளைகுடாவில் எல்லைக்கோடு வரைந்தன. அந்தக் கோட்டின் இருபுறமும் பார்கள் கிடக்கின்றன. எல்லை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மீன்பிடிப் பிரச்சினைக்காக இரு நாட்டு அதிகாரிகளும் உட்கார்ந்து பேசும் ஒவ்வொரு முறையும் படகு, வலை, கைது ஆகியவற்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எந்தப் பாரின் குஞ்சு எந்தப் பாரில் போய் ஒட்டுகிறது என்று இரு கரை ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு படம் வரைந்தால், அந்த மேசையில் வைக்க அதைவிட மதிப்புள்ள ஆவணம் வேறு இருக்காது. காக்கவேண்டிய தாய்ப்பார் எது என்று அப்போதுதான் தெரியும். அது கோட்டின் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி.

கொற்கை ஒரு காலத்தில் கடற்கரைத் துறைமுகம். தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கரையைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போக, இன்று அது வயல் சூழ்ந்த உள்நாட்டுக் கிராமம். கரையே இடம் மாறும் இந்தக் கடலில், கல்லை எண்ணியவர்களின் கணக்கு பொய்த்தது. குஞ்சை எண்ணத் தொடங்குவோம்.