ஓடாத மாதங்களில் கெடும் ஏ.சி.

வருஷத்துக்கு எத்தனை தடவை ஏ.சி.யை சர்வீஸ் செய்ய வேண்டும்? திருச்சியிலோ மதுரையிலோ இருப்பவருக்கு இதற்கு நேரடியான பதில் உண்டு. கோடைக்கு முன்னால் ஒரு தடவை, கோடை முடிந்ததும் ஒரு தடவை. கோட்டைப்பட்டினத்தில் கடலுக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு கட்டியிருப்பவருக்கு அந்தப் பதில் போதாது. அவர் வீட்டு ஏ.சி. கெடுவது பெரும்பாலும் அது ஓடிக்கொண்டிருக்கும் கோடையில் அல்ல. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில், ரிமோட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்ட பிறகுதான் அதற்குக் கெட்ட காலம் தொடங்குகிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணமேல்குடியைத் தாண்டித் தெற்கே வந்தால் கோட்டைப்பட்டினம், அடுத்து ஜெகதாப்பட்டினம், அப்புறம் மீமிசல். விசைப்படகுத் துறையையும் ராவுத்தர் அப்பா தர்காவையும் வைத்து வெளியூர்க்காரர்களுக்கு கோட்டைப்பட்டினத்தைத் தெரியும். எதிரே இருப்பது பாக் விரிகுடா. பெரும்பாலான இடங்களில் 15 மீட்டர் ஆழம்கூட இல்லாத கடல். ராமேசுவரம் பக்கத்து மீனவர்கள் இதைப் பெண்கடல் என்றும், மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வருஷத்தின் பெரும்பகுதியில் இது அடங்கித்தான் கிடக்கும். ஐப்பசியில் வாடைக் காற்று தொடங்கியதும் குணம் மாறிவிடும். அலை எழுந்து உடையும்போதுதான் உப்பு நீர்த்துளிகள் காற்றில் ஏறுகின்றன. அந்தக் காற்று கடலிலிருந்து ஊருக்குள் வீசுவதும் அதே மாதங்களில்தான். ஆக, அவுட்டோர் யூனிட்டின் மேல் உப்பு மிக அதிகமாகப் படிவதும், யாரும் அதை ஏறெடுத்துப் பார்க்காமல் விடுவதும் ஒரே காலத்தில் நடக்கின்றன.

படிந்த உப்பு என்ன செய்யும்? மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதைப் பார்க்கிறோம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பே, 33 சதவீதம் அளவிலேயே ஈரத்தை இழுக்கத் தொடங்கும். கடலோரத்து இரவில் ஈரப்பதம் இந்த அளவுகளுக்கு மேலேயே இருப்பதால், உப்புப் படிந்த தகடு மழையே பெய்யாவிட்டாலும் நனைந்தபடி இருக்கிறது. அவுட்டோருக்குள் செம்புக் குழாயைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடுகளை நெருக்கமாகக் கோத்திருப்பார்கள். இரண்டு உலோகங்கள் ஒட்டியிருக்க, நடுவே உப்புத் தண்ணீர் புகுந்தால் அங்கே ஒரு சின்ன பாட்டரி உண்டாகிறது. அதில் தேய்வது அலுமினியம். வெள்ளை மாவாக உதிர்ந்து, விரலால் தொட்டாலே பொடியாகிவிடும். குழாயைச் சுற்றியுள்ள தகடு போய்விட்டால் சூட்டை வெளியே தள்ள வழியில்லை. கம்ப்ரசர் அதிக நேரம் ஓடும், கரண்டும் கூடும்.

உலோகங்களின் இந்தச் சண்டையை முதலில் சரியாகப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடியில் அடித்த செம்புத் தகடு கடல்நீரில் அரிபடுவதைத் தடுக்க, துத்தநாகத்தையோ இரும்பையோ அதோடு சேர்த்துக் கட்டினால் செம்புக்குப் பதில் அது அரிபடும் என்று 1824-ல் காட்டினார். அங்கே வேண்டுமென்றே பலி கொடுத்தார்கள். நம் வீட்டு ஏ.சி.யில் அலுமினியம் கேட்பாரில்லாமல் பலியாகிறது.

இன்னொரு விஷயத்தைப் பலர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். மழையில் நனையக் கூடாதென்று அவுட்டோரை சன்ஷேடுக்கு அடியிலோ பால்கனி மூலையிலோ பொருத்துகிறார்கள். உண்மையில் மழை அதற்கு நண்பன். மழைபடும் இடத்தில் உள்ள தகட்டை அடை மழை கழுவிவிட்டுப் போகும். கூரைக்கு அடியில் ஒளிந்திருப்பதில் உப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போகும், கழுவ ஆளிருக்காது. அதனால் மழைபடாத இடத்தில் அவுட்டோர் வைத்திருப்பவர்கள்தான் அடிக்கடி கழுவ வேண்டும். இதைவிட மோசம், வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்போது தார்ப்பாயோ பிளாஸ்டிக் தாளோ போட்டு இறுக்கிக் கட்டுவது. உள்ளே இருக்கும் உப்பும் ஈரமும் வெளியேற முடியாமல் அங்கேயே வேலை பார்க்கும்.

பூட்டிய வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தக் கரையோர ஊர்களில் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் உழைக்கப் போனவர்கள் கட்டிய வீடுகள் நிறைய. வருஷத்தில் ஒரு மாதம் லீவில் வந்து தங்குவதற்காக ஒவ்வோர் அறையிலும் ஏ.சி. மாட்டியிருப்பார்கள். மீதி மாதங்கள் பூட்டியே கிடக்கும். ஊருக்கு வந்த அன்றைக்கு சுவிட்சைப் போட்டால் குளிர்ச்சி வராது. அவசரத்துக்கு வரும் மெக்கானிக் "கேஸ் போயிடுச்சு, ஏத்தணும்" என்பார். ஏற்றிக்கொண்டு லீவு முடிந்து போய்விடுவார்கள். அடுத்த வருஷமும் இதே கதைதான். வெயிலில் நின்று சம்பாதித்த காசு இப்படிக் காற்றில் போவதைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை.

கேஸ் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏ.சி.யில் இருக்கும் கேஸ் பெட்ரோல் போலச் செலவாகும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. அது குறைந்திருக்கிறதென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் ஏற்றுவது, மறுபடியும் கசிவதற்காக ஏற்றுவதுதான். மேலும், குளிர்ச்சி குறைவதும் காயிலில் ஐஸ் கட்டுவதும் கேஸ் குறைந்தால் மட்டும் வருவதில்லை. ஃபில்டரில் தூசி அடைத்துக் காற்றோட்டம் குறைந்தாலும் அதே ஐஸ்தான் கட்டும். ஆகவே முதலில் கழுவச் சொல்லுங்கள். கழுவிய பிறகும் குளிரவில்லையென்றால் பிரஷர் பார்க்கட்டும். லீக் இருக்கிறதா என்று நைட்ரஜன் ஏற்றிச் சோதிக்கட்டும். ஆக்ஸிஜன் சிலிண்டரை இதற்குப் பயன்படுத்த விடவே கூடாது. கம்ப்ரசர் ஆயிலோடு அது சேர்ந்தால் வெடிக்கும். லீக்கை அடைத்த பிறகு வேக்கும் போட்டு, கேஸை எடை பார்த்து ஏற்ற வேண்டும். இப்போது வரும் மெஷின்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-32. பழைய ஆர்-22 போல இல்லாமல் இது லேசாகத் தீப்பிடிக்கும் தன்மை கொண்டது. அறைக்குள் அதைத் திறந்துவிட்டுக்கொண்டு பீடி பற்றவைப்பவரை வேலைக்கு வைக்காதீர்கள்.

இனி வீட்டுக்குள் இருக்கும் பாகம். ஏ.சி. பிறந்ததே ஈரத்தோடு மல்லுக்கட்டத்தான். 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் பிசகின. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்ததுதான் இன்றைய ஏ.சி.யின் தொடக்கம். மனிதர்களுக்குக் குளிர்ச்சி என்பது பின்னால் வந்தது. கோட்டைப்பட்டினத்துப் படுக்கையறையில் அந்தப் பழைய வேலையை அது இன்னமும் பார்க்கிறது. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 24 கிராம் தண்ணீர் இருக்கும். 12-க்கு 10 அடி அறையில், 10 அடி உயரம் என்று வைத்தால், 34 கன மீட்டர் காற்று, அதாவது முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர். அதில் பாதிக்கு மேல் பிழிந்தெடுத்தால்தான் 24 டிகிரியில் உடம்பு சுகம் காணும். கதவு இடுக்கில் புதுக்காற்று வந்தபடியே இருக்கும், ஆட்கள் மூச்சு விட்டபடியே இருப்பார்கள். ஒன்றரை டன் ஏ.சி. இப்படிப்பட்ட இரவில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூடத் தண்ணீர் இறக்கும்.

இவ்வளவு ஈரமும் வழிந்தோடும் காயிலிலும் தட்டிலும் தூசி ஒட்டினால் பாசிபோல் வழவழப்பாகப் படியும், பூஞ்சை பிடிக்கும். சுவிட்ச் போட்டதும் அடிக்கும் ஊறிய சாக்கு நாற்றம் அதுதான். அது டிரெய்ன் பைப்பை அடைக்கும்போது சுவரில் தண்ணீர் ஒழுகும். இளைப்பு உள்ள பிள்ளைகளும் பெரியவர்களும் இருக்கும் வீட்டில் இதை நாற்றம் என்று மட்டும் எண்ணி விடக் கூடாது.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே மழையும் புழுக்கமும் வருஷம் முழுக்க உண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஏர்கான் சர்வீஸ் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்வது சாதாரண வழக்கம். தாம் பிரதமரானதும் முதல் வேலையாக அரசு ஊழியர்கள் பணிபுரியும் கட்டடங்களில் ஏ.சி. போட்டதாக லீ குவான் யூ பின்னாளில் பெருமையோடு நினைவுகூர்ந்தார். அந்த ஊரின் மூன்று மாதக் கணக்கை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்றால், தினமும் இரவு முழுக்க ஓடும் அறைக்கு எடுத்துக்கொள்ளலாம். மற்றவற்றுக்கு இந்தக் கரையின் காற்றைப் பார்த்துத் தேதி வைப்பதே சரி என்பது என் கருத்து.

முதல் சர்வீஸ் தை மாதக் கடைசியில், வாடை அடங்கியதும். மார்ச்சில் எல்லாரும் மெக்கானிக்கைத் தேடுவதற்கு முன்பே முடித்துவிட்டால் அவருக்கும் நிதானமாகப் பார்க்க நேரம் இருக்கும். மழைக்கால உப்பை அவுட்டோரிலிருந்து முழுக்க இறக்குவதே இந்தத் தடவை முக்கிய வேலை. இரண்டாவது ஆனியில். நான்கு மாதம் இரவு பகலாக ஓடிய இன்டோரைக் கழற்றி, காயிலையும் புளோயரையும் டிரெய்ன் தட்டையும் வாட்டர் சர்வீஸ் செய்ய வேண்டும். மூன்றாவதைத்தான் யாரும் செய்வதில்லை. புரட்டாசி முடிவில், ஏ.சி.யை ஓய்வுக்கு விடும் முன் செய்ய வேண்டியது அது. கழுவிய பிறகு ஒரு மணி நேரம் ஃபேன் மோடில் ஓடவிட்டு உள்ளே காயவைத்து நிறுத்த வேண்டும். ஈரத்தோடு மூடிவைத்த காயிலில் மூன்று மாதம் பூஞ்சை வளரும். ஊருக்குள் தள்ளி, கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் தாண்டியிருக்கும் வீட்டுக்கு முதலாவதும் மூன்றாவதும் போதும்.

இடைப்பட்ட வேலை வீட்டிலேயே செய்துகொள்வது. ஓடும் காலத்தில் ஃபில்டரைப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கழற்றிக் கழுவி நிழலில் உலர்த்தி மாட்ட வேண்டும். அழுக்கு ஃபில்டரை மாற்றுவதாலேயே 5 முதல் 15 சதவீதம் வரை மின்சாரம் மிச்சமாகலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கணக்கெடுத்து, யூனிட் கூடக்கூட விலையும் கூடும் நம் ஊர் கரண்ட் பில்லில் அது கண்ணுக்குத் தெரியும். அவுட்டோருக்கு மாதம் ஒரு தடவை, வாடைக் காலத்தில் மாதம் இரண்டு தடவை, நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, தகடு மடங்காத அளவு மெதுவாக, ஒயர் சேரும் பக்கத்தை விட்டு ஊற்றினால் போதும். மாடிச் சுவரில் எட்டாத இடத்தில் இருந்தால் ஏறாதீர்கள், அதை மெக்கானிக்குக்கு விடுங்கள்.

நல்ல தண்ணீர் என்பதுதான் இங்கே சிக்கல். கடலோரத்து போர் தண்ணீர் பல வீடுகளில் உப்புக் கரிக்கும். அதைக் கொண்டு உப்பைக் கழுவினால் புது உப்பு படியும், தகட்டில் வெள்ளைக் காறை கட்டும். சர்வீஸுக்கு வருபவர் தோட்டத்துக் குழாயில் பம்பை மாட்டப் போனால் தடுத்து, குடிக்கப் பிடித்துவைத்த தண்ணீரிலிருந்து இரண்டு குடம் கொடுங்கள். மழை நீர் சேமித்திருந்தால் இன்னும் நல்லது. ஏ.சி. டிரெய்ன் பைப்பில் இரவெல்லாம் சொட்டும் தண்ணீரையும் வாளியில் பிடித்து அவுட்டோருக்கே ஊற்றலாம். காற்றிலிருந்து இறங்கிய அந்தத் தண்ணீரில் உப்பு இல்லை. சீக்கிரம் பளிச்சென்று ஆகவேண்டும் என்று சிலர் ஆசிட் கலந்த திரவம் அடிப்பார்கள். தகட்டின் மேல் பூசியிருக்கும் நீலப் பூச்சை அது அரித்துவிடும். கடற்கரை வீட்டுக்கு அந்தப் பூச்சுதான் கவசம்.

பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குச் சாவி வைத்திருக்கும் மாமாவோ அண்ணியோ இருப்பார்கள். அவர்களிடம் விளக்கேற்றிக் கூட்டிவிட்டு வரச் சொல்வதோடு, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஒவ்வோர் ஏ.சி.யையும் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு எம்.சி.பி.யை இறக்கச் சொல்லுங்கள். கம்ப்ரசரில் ஆயில் சுற்றி வரும், உள்ளே இருக்கும் மின்னணுப் பலகையில் (பி.சி.பி.) தங்கிய ஈரம் காயும், பல்லி குடியிருந்தால் தெரிந்துவிடும். பெருமழை, இடி, மின்னல் நேரத்தில் போட வேண்டாம்.

கடைசியாக அவுட்டோரைத் தாங்கும் ஸ்டாண்ட். கேஸையும் காயிலையும் பார்ப்பவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. சாதாரண இரும்பு ஆங்கிளில் பெயின்ட் அடித்து மாட்டியிருப்பார்கள். உப்புக் காற்றில் முதலில் போவது போல்ட்டும், சுவரோடு சேரும் மூலையும். ஒன்றரை டன் அவுட்டோர் 30 கிலோ அளவுக்கு எடை இருக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது புதுக்கோட்டை மாவட்டம் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்குக் காற்றின் பலத்தைச் சொல்லத் தேவையில்லை. புதிதாக மாட்டுபவர்கள் துத்தநாகம் பூசிய ஸ்டாண்டும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் கேட்டு வாங்குங்கள், இடம் இருந்தால் தரையிலோ மொட்டை மாடியிலோ சிமென்ட் மேடை கட்டி வையுங்கள். ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் புரட்டாசி சர்வீஸின்போது துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்து, இளகிய போல்ட்டை மாற்றி, அது முடிந்த பிறகு மெக்கானிக்குக்குக் காசு கொடுங்கள்.