அடைக்க வேண்டிய ஓட்டையும் அடைக்கக் கூடாத ஓட்டையும்



ஓட்டையைக் கண்டால் அடைக்கத் துணிவது மனித இயல்பு. கூரைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அது நன்று. மோட்டார் வண்டிக்கோ, எதனை அடைப்பது, எதனைத் திறந்து விடுவது என்னும் அறிவு முந்த வேண்டும். எனக்கு அவ்வறிவு பிந்தியே வாய்த்தது.

என்னிடம் பழைய மொறிஸ் மைனர் ஒன்று இருந்தது. அதன் கதவுகளின் அடிவிளிம்பிலே சிறு துளைகளைக் கண்டு, மழைநீர் புகாதிருக்கத் தாரினால் அடைத்தேன். மூன்றாம் மாரியில் அடித்தகரம் விரல் பட உதிர்ந்தது. கண்ணாடியோரமாக உள்ளே இறங்கும் நீர் வடிதற்கென்றே அத்துளைகள் வைக்கப்பட்டிருந்தன. வாய்க்காலை மறித்தவன் நானே!

கறள் என்பது யாது? நீரும் ஒட்சிசனும் ஒருங்கே கிடைத்தவிடத்து இரும்பு அவற்றோடு கூடி மாறிய பொருளே கறள். உப்பு இம்மாற்றத்தை விரைவுபடுத்தும். ஆதலாற் கடலோர ஊர்களில் வண்டிகளுக்கு ஆயுள் குறைவு. மேலும், கறள் தான் தின்ற இரும்பினும் மிகுந்த இடத்தைக் கொள்வது. ஆகவே மேற்பூச்சைக் கிளப்பி, அடுத்துள்ள இரும்புக்கும் நீரை அழைத்துச் செல்லும்.

இனி, அடைக்க வேண்டியவை. வானொலிக் கம்பியைக் கழற்றிய இடம் போன்ற நல்ல தகரத்துத் துளையாயின், விளிம்பைச் சுரண்டித் துப்புரவாக்கி, நாகம் கலந்த அடிப்பூச்சும் மேற்பூச்சும் இட்டு, இறப்பர் அடைப்பானைப் பொருத்தினாற் போதும். வினாகிரி மணம் வீசும் சிலிக்கன் பசையை வெறுந் தகரத்திற் பூசலாகாது. அது உலரும்போது வெளிவிடும் அமிலமே கறளுக்கு வித்தாகும்.

கறள் தின்ற ஓட்டையாயின், நல்ல இரும்பு தோன்றுமட்டும் வெட்டி நீக்கி, புதுத்தகடு வைத்து உருக்கி ஒட்டுவித்தல் வேண்டும். பின்னர் மூட்டுக்குப் பசையும், வெளிப்புறத்துக்குப் பூச்சும், உட்புறத்துக்கு மெழுகும் இடுக. ஓட்டையின் மேல் புட்டியை மட்டும் அப்பினால், அது பின்புறத்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். வெளியே வர்ணம் மின்னும், உள்ளே இரும்பு கரையும்.

இஃது அழகு பற்றிய விடயம் மட்டுமன்று. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனருக்குத் தனிச் சட்டகம் இல்லை. தளமும் கதவடிப் பெட்டியுமே பாரத்தைத் தாங்குவன. இன்றைய கார்கள் பலவும் அவ்வாறானவையே. அவ்விடத்து ஓட்டையைப் புட்டியால் மறைப்பது, உளுத்த வளைக்கு வெள்ளை பூசுவதை ஒக்கும். அந்த வண்டியிலேதான் நம் பிள்ளைகளை ஏற்றிச் செல்கின்றோம்.

ஆகவே, அடுத்த மழை ஓய்ந்ததும் கதவின் அடியைப் பாருங்கள். நீர் சொட்டினால் நன்று. சொட்டாவிடில், ஓர் ஈர்க்கினால் அத்துளைகளைத் துப்புரவு செய்யுங்கள். கால்விரிப்பை உயர்த்தித் தளத்தையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.