உரிம மென்பொருளின் இணைப்புத் தடையும் ஹோஸ்ட்ஸ் கோப்பும்: மாமல்லபுரக் கல்வெட்டுப் படப்பதிவை முன்வைத்து

முன்னுரை

செங்கல்பட்டு மாவட்டம் மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் அதிரணசண்ட மண்டபம் அமைந்துள்ளது. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கிரந்தம், நாகரி ஆகிய இருவகை எழுத்துகளிலும் பொறிக்கப்பட்டுள்ளது. இத்தகைய கல்வெட்டுகளை ஒப்பிட்டு ஆராய்வோர், தேய்ந்த எழுத்துகளின் நிழற்படங்களை அடோபி போட்டோஷாப் போன்ற மென்பொருள்களில் ஒளியளவு திருத்திப் படிக்கின்றனர். முறையாக உரிமம் பெற்ற பின்னரும், உரிமத்தைச் சரிபார்க்க இணைய இயலவில்லை என்னும் அறிவிப்புத் தோன்றினால் ஆய்வுப்பணி தடைப்படும். இத்தடைக்குரிய காரணங்களுள் ஒன்றான ஹோஸ்ட்ஸ் கோப்பின் இயல்பையும் அதனைச் சீர்செய்யும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஹோஸ்ட்ஸ் கோப்பின் இயல்பு

இணைய வழங்கி ஒவ்வொன்றுக்கும் எண் முகவரி உண்டு. இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில், பெயர்களும் அவற்றுக்குரிய எண்களும் அடங்கிய ஒரே பட்டியலை ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம் பேணி வந்தது. கணினிகள் பெருகவே, 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் எனப்படும் பெயர் முறைமையை வடிவமைத்தார். பழைய பட்டியலின் எச்சமே இன்றைய ஹோஸ்ட்ஸ் கோப்பு. கணினி, டிஎன்எஸ் வழங்கியை வினவுமுன் பொதுவாக இக்கோப்பையே நோக்குகிறது. இதிலுள்ள முகவரியையே ஏற்கிறது.

தடை தோன்றும் முறை

உரிமமற்ற படிகளை நிறுவுவோர், உரிமம் சரிபார்க்கும் வழங்கியின் பெயருக்கு முன் 127.0.0.1 என்னும் எண்ணை இக்கோப்பில் எழுதிவிடுவதுண்டு. அவ்வெண் கணினி தன்னையே குறிப்பது. ஆதலின் சரிபார்ப்புக் கோரிக்கை வெளியே செல்வதில்லை. அம்மென்பொருளை நீக்கினாலும் இவ்வரிகள் தாமாக நீங்குவதில்லை. பலர் கைமாறிவரும் துறைக் கணினியில், முன்னவர் எழுதிய வரி பின்னவரின் முறையான உரிமத்தையும் தடுக்கிறது.

சீர்செய்யும் முறை

அதே இணைய இணைப்பில் மற்றொரு கணினியில் உரிமம் சரிபார்க்கப்பட்டு, குறிப்பிட்ட கணினியில் மட்டும் தடை நீடித்தால் இக்கோப்பை ஐயுறலாம். கணினியின் நாள், நேரம் ஆகியவை சரியாக உள்ளனவா என்பதையும் முதலில் நோக்குதல் வேண்டும்.

விண்டோஸ் இயங்குதளத்தில், சி இயக்ககத்தின் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்னும் கோப்புறைகளுள் முறையே சென்றால் ஹோஸ்ட்ஸ் கோப்பைக் காணலாம். அதனைப் படியெடுத்து வைத்தபின், நோட்பேடை நிர்வாகி உரிமையுடன் திறந்து, அதன்வழி இக்கோப்பைத் திறத்தல் வேண்டும். # குறியுடன் தொடங்கும் வரிகள் வெறும் குறிப்புகள். அவற்றால் தடை இல்லை. உரிம வழங்கியின் பெயர் உள்ள வரியை மட்டும் நீக்கிச் சேமித்து, கணினியை மீளத் தொடங்கலாம். பல்கலைக்கழக உள்வழங்கிகளுக்காக எழுதப்பட்ட வரிகளும் இருக்கக்கூடும் என்பதால் கோப்பு முழுவதையும் அழித்தல் தகாது. அடோபி மென்பொருள்களுக்கு அந்நிறுவனமே இவ்வரிகளை நீக்கும் கருவியை வழங்கியுள்ளது.

முடிவுரை

உரிமம் வாங்குவதால் மட்டும் பழைய தடை அகல்வதில்லை. துறைக் கணினி ஒன்று புதிய ஆய்வாளரிடம் ஒப்படைக்கப்படும்போதே ஹோஸ்ட்ஸ் கோப்பையும் சரிபார்ப்பது, ஆய்வேடு அளிக்கும் காலத்தில் நேரும் இடையூற்றைத் தவிர்க்க உதவும்.