அகலக்கால் வேண்டாம், மோடர்களே!

2012 செப்டம்பரில் ‘பிளாக் மெசா’ வெளியானபோது அதில் கடைசிப் பகுதியே இல்லை. 1998-இல் வந்த ‘ஹாஃப்-லைஃப்’ கேமை ரசிகர்களே ‘சோர்ஸ்’ இன்ஜினில் புதிதாகக் கட்டியெழுப்பிய மோட் (இருக்கும் கேமை மாற்றியோ விரித்தோ செய்வது) அது. 2009-இல் வரும் என்றார்கள், வரவில்லை. இனி வரவே வராது என்று பலர் முடிவுகட்டிய நேரத்தில், ‘ஸென்’ என்ற வேற்றுலகப் பகுதியைத் தள்ளிவைத்து, முடிந்தவரை வெளியிட்டது குழு. ஸென்னும் சேர்ந்த முழு கேம் 2020 மார்ச்சில்தான் வந்தது. முழுதாக முடியட்டும் என்று இருந்திருந்தால் ரசிகர்கள் இன்னும் ஏழரை ஆண்டு காத்துக் கிடந்திருப்பார்கள்.

மோட் செய்பவருக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. வேலை முடிந்து வந்து, ராத்திரியில் உட்கார்ந்து செய்வதுதான். பரீட்சை வரும், கல்யாணம் வரும், ஆள் காணாமல் போவார். அதையும் கணக்கில் வைத்துப் போடுவதே நல்ல திட்டம்.

பங்கு பிரித்த வேலை

‘மாரோவிண்ட்’ கேமுக்கான ‘டாம்ரியல் ரீபில்ட்’ திட்டம் 2001-இல் தொடங்கியது. அந்த கேமின் கற்பனை உலகிலுள்ள டாம்ரியல் கண்டம் முழுவதையும் கட்டுவதாக முதலில் திட்டம். பிறகு மாரோவிண்ட் மாகாணம் மட்டும் போதும் என்று சுருக்கிக்கொண்டார்கள். அதையும் பகுதி பகுதியாகவே வெளியிடுகிறார்கள். ஒரு வீட்டின் உட்புறம், ஒரு துண்டு நிலம் என்று ஒவ்வொருவரும் தமக்கு முடிந்த வேலையை எடுத்துக்கொள்ளலாம். புதிதாகச் சேர வருபவர் முதலில் சிறிய மாதிரி ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். எவ்வளவோ பேர் வந்து போன பிறகும் திட்டம் நிற்கவில்லை என்றால், காரணம் இந்த ஏற்பாடுதான்.

ஒரே ஊர் போதும்

ஆஸ்திரேலிய வழக்கறிஞர் நிக் பியர்ஸ் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு நிலத்தடி நகரம். ‘ஸ்கைரிம்’ கேமுக்கான அந்த மோட், ‘தி ஃபர்காட்டன் சிட்டி’, 2015-இல் வந்தது. ஒருவர் தவறு செய்தால் ஊரே தண்டனை அனுபவிக்கும் என்ற ஒரே விதியில் கதை முழுவதும் நிற்கிறது. அடுத்த ஆண்டே ஆஸ்திரேலிய எழுத்தாளர் சங்க விருது பெற்றது. 2021-இல் தனி கேமாகவும் வந்தது.

நம் கையில் இல்லாதவை

‘ஃபால்அவுட் 4’ கேமுக்கான ‘ஃபால்அவுட்: லண்டன்’ மோட் குழு 2024 ஏப்ரல் 23 என்று நாள் குறித்திருந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து மூல கேமுக்குப் பெரிய அப்டேட் வரும் என்று அதைத் தயாரித்த பெதஸ்டா அறிவித்தது. அப்டேட்டால் மோட் பழுதாகலாம் என்பதால் வெளியீடு ஜூலைக்குத் தள்ளிப்போனது. மூல கேம் அடுத்தவர் சொத்து. எனவே தேதி சொல்வதற்கு முன் யோசியுங்கள். சோதிக்கவும் திருத்தவும் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு நாள் வேலையையும் வேறோர் இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். பிறர் செய்த மாடலையோ இசையையோ சேர்ப்பதானால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள்.

முதல் மோட் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு வீடு, மூன்று பாத்திரங்கள், ஒரு சிக்கல். இதை முடித்து நாலு பேர் கையில் கொடுங்கள். ராஜ்ஜியம் கட்ட ஆள் சேர்ப்பதெல்லாம் அதற்கப்புறம்.